தாருக்கு லிஃப்ட்டும் பெரிய டயரும்: எதை முதலில் போடுவது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மஹிந்திரா தார், டீசல் மேனுவல். கம்பெனியிலிருந்து வந்த 255/65 ஆர்18 டயர். வாரம் முழுக்கக் கோவைக்குள் ஆபீஸ் ஓட்டம், மாதம் இரண்டு தடவை வால்பாறைப் பக்கம் உறவினர் தோட்டத்துக்குப் போகும் மண்பாதை, வருடத்துக்கு ஒரு தடவை திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மணல். கடையில் 2 இன்ச் லிஃப்ட் கிட்டும் ‘33 இன்ச்’ டயரும் ஒரே நாளில் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். போடலாமா, எதை முதலில் போடுவது, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டயரை முடிவு செய்யுங்கள். அந்த டயர் உள்ளே தடையில்லாமல் சுற்ற எவ்வளவு இடம் வேண்டுமோ, அந்த அளவுக்கு மட்டும் வண்டியைத் தூக்குங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வண்டியைத் தூக்கிவிட்டு, காலியாகத் தெரியும் மட்கார்டை நிரப்ப டயர் தேடுகிறார்கள். அங்கேதான் செலவும் சிக்கலும் தொடங்குகின்றன.

லிஃப்ட் கிட் எதை உயர்த்துகிறது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்களில் தனித்தனியே ஏறி இறங்கும். பின்பக்கம் ஒரே தண்டான திட அச்சு. ஸ்பிரிங்கை நீளமாக்கினால் உயர்வது ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிற சட்டமும் (சேஸிஸ்) பாடியும்தான். பின் அச்சும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்க அதன் நடுவே தொங்கும் டிஃப்பரன்ஷியல் உருண்டையும் டயரோடு சேர்ந்தவை. நீங்கள் இரண்டு இன்ச் தூக்கினாலும் நான்கு இன்ச் தூக்கினாலும், அந்த உருண்டைக்கும் பாறைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகாது. அதைக் கூட்டக்கூடியது டயரின் விட்டம் ஒன்றுதான், அதிலும் பாதிதான் கணக்கில் வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 255/65 ஆர்18 என்றால் டயரின் பக்கச் சுவர் 255-இல் 65 சதவீதம், அதாவது 165.75 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 331.5. ரிம் 18 இன்ச், 457.2 மி.மீ. மொத்த விட்டம் 789 மி.மீ. அளவில் வரும். கடையில் ‘33’ என்று சொல்வது பெரும்பாலும் 285/70 ஆர்17. அதன் விட்டம் 831 மி.மீ., அதாவது 32.7 இன்ச். வித்தியாசம் 42 மி.மீ., அதில் பாதி 21. ஆக இவ்வளவு செலவுக்குப் பிறகு பின் அச்சுக்கு அடியில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு விரல்கூட இல்லாத உயரம். பாறைப் பாதையில் இந்த 21 மி.மீ. நிஜமாகவே உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பாடி உயர்ந்தால் பலன் இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். மேட்டின் முகட்டில் வயிறு தட்டுவது குறையும். முன் பம்பர் மேடேறும்போது உரசாது. ஆனால் தார் கம்பெனியிலிருந்து வரும்போதே தரையிலிருந்து 226 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. முன்பக்க ஏறுகோணம் ஏறக்குறைய 42 டிகிரி. வால்பாறை தோட்டப் பாதையில் அந்தக் கோணம் போதாமல் நின்ற தாரை நான் பார்த்ததில்லை. டயர் வழுக்கி நின்றவற்றையும், காற்றை இறக்காமல் வந்து துள்ளித் துள்ளி நின்றவற்றையும் நிறையப் பார்த்திருக்கிறேன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய மஹிந்திரா ஜீப்புகளைக் கவனித்திருப்பீர்கள். லீஃப் ஸ்பிரிங், ஒல்லியான டயர், அதே கற்பாதையில் தினமும் ஓட்டம். டிரைவர் எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை வைக்கிறார் என்று ஒருமுறை முன்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், உயரத்தைப் பற்றிய பாதிக் கவலை போய்விடும்.

இனி, லிஃப்ட் வியாபாரத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம். வண்டியைத் தூக்கினால் பெரிய டயர் உரசாது என்பது நிற்கிற வண்டிக்கு மட்டும்தான் உண்மை. லிஃப்ட் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை. சக்கரம் முழுக்க மேலே ஏறி, பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டி நிற்கும் இடம் மாறுவதில்லை. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி, எதிர்ச் சக்கரம் குழியில் தொங்கும்போது, ஏறிய சக்கரம் பழைய இடத்துக்கே போய் நிற்கும். அங்கே இப்போது 42 மி.மீ. பெரிய டயர் இருக்கிறது. அது மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கைக் கிழிக்கும், சில வண்டிகளில் தகரத்திலேயே மோதும். இதற்கு இரண்டே வழிதான்: பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கிச் சக்கரம் மேலே போவதைச் சற்று முன்பே நிறுத்துவது, இல்லையென்றால் உரசுகிற இடத்தை வெட்டுவது. முதல் வழியில் சஸ்பென்ஷனின் மேல்நோக்கிய ஓட்டம் குறையும். அதையும் ஒரு விலையாகவே கணக்கில் எழுத வேண்டும்.

அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முன் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கை மட்டும் மாட்டி, புது டயரைப் போட்டு, ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்து, பம்ப் ஸ்டாப் முழுசாக நசுங்கும் வரை சக்கரத்தை ஏற்றச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இடது கடைசிவரை ஒடித்து, பிறகு வலது கடைசிவரை ஒடித்து, டயருக்கும் மட்கார்டின் பின் விளிம்புக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். டயரின் தோளில் ஈரச் சுண்ணாம்பு தடவிவிட்டால் இன்னும் நல்லது, எங்கே பட்டாலும் வெள்ளைத் தடம் காட்டிக்கொடுக்கும். பிறகு ஜாக்கியை எடுத்துச் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டும் இழுபடாமல் தொய்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யச் சலித்துக்கொள்ளும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முந்தைய வண்டிக்கு ஒரு கடையில் ஸ்பேசர் மட்டும் போட்டு ஒன்றரை இன்ச் தூக்கினேன். நகரத்தில் மூன்று மாதம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு தேயிலைத் தோட்டப் பாதையில் மழைநீர் அரித்த பள்ளத்தில் முன் இடது சக்கரம் தொங்கியது. ஏறி வந்த பிறகு பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. இறங்கிப் பார்த்தால், பிரேக் ஹோஸ் உலோகக் கழுத்தில் நுழையும் இடத்தில் ரப்பர் பிளந்து, உள்ளே இருக்கிற நூல் பின்னல் வெள்ளையாகத் தெரிந்தது. விரலால் தொட்டால் எண்ணெய் ஈரம். பாதி வழி இறக்கம் மிச்சம் இருந்தது. லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு, என்ஜின் பிடிப்பிலேயே இறக்கிக்கொண்டு வந்தேன். ஹோஸின் நீளத்தை யாரும் அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் எந்த லிஃப்ட்டையும் ஏற்றுக்கொள்வதில்லை.

ஸ்பேசர் என்று சொன்னேன், அதையும் விளக்கிவிடுகிறேன். தாரின் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கட்டாக இருக்கும். அதன் அடிப்பகுதி கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கும், சக்கரம் ஆர்மின் கடைசியில். நெம்புகோல் மாதிரிதான். கட்டின் தலையில் ஒரு இன்ச் கனமான வளையம் வைத்தால் சக்கரத்தில் ஒரு இன்ச்சுக்கு மேலேயே உயரம் கிடைக்கும். விலை குறைவு, வேலை சுலபம், அதனால் கடைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஷாக்கின் நீளம் மாறாமல் முழுக் கட்டையும் கீழே தள்ளுகிறோம். சக்கரம் தொங்கும்போது ஆர்ம்கள் கம்பெனி நினைத்ததைவிடக் கீழே போகும், மேல் பால் ஜாயின்ட் அதன் எல்லையில் போய் முட்டும். முன் டிஃப்பரன்ஷியல் சட்டத்தோடு சேர்ந்து மேலே போய்விட்டது, சக்கரம் கீழேயே இருக்கிறது, நடுவில் இருக்கும் ஆக்சில் சாய்கிறது. ஆக்சிலைச் சாய்வாகவும் சுற்றவிடும் சிவி ஜாயின்ட் அந்தச் சாய்விலேயே நாள் முழுக்கச் சுற்றினால், அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், உள்ளே மண் புகும். அதன்பிறகு ஸ்டீயரிங்கை ஒடித்துத் திரும்பும்போது ‘டக்டக்’ என்று சத்தம் கேட்கும். அப்போது ஜாயின்ட்டே மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங்கை மட்டும் நீளமாக்கி, பழைய ஷாக்கை வைத்துக்கொள்வது இன்னொரு அரைகுறை வேலை. ஷாக்கின் மொத்த ஓட்டம் அதேதான். வண்டி ஏற்கெனவே உயரமாக நிற்பதால் கீழ்நோக்கிப் போக மிச்சம் குறைவு. வேகத்தடையைத் தாண்டியதும் சக்கரம் இறங்கும்போது ஷாக் நீண்டு முடிந்து ‘டங்’ என்று அடிக்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே உயரத்துக்குச் சேர்த்து வடிவமைத்த ஜோடியாக வாங்குவதுதான் முறை. அப்படி வாங்கும்போது ஸ்பிரிங் எந்தப் பாரத்துக்கு என்று கேளுங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் தாங்க வேண்டிய ஸ்பிரிங்கை வெறும் வண்டிக்குப் போட்டால் முன்பக்கம் தேவைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மாட்டு வண்டி மாதிரி குலுக்கும். உங்கள் வண்டியில் கனமான பம்பர் இல்லை, ஆகவே இலேசான ஸ்பிரிங்கே போதும். வேலைக்கு முன்பும் பின்பும் டாங்க் நிரம்பிய நிலையில், சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு தூக்கினார்கள் என்பதற்கு அந்த எட்டு எண்கள்தான் சாட்சி.

பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற பேனார்ட் ராட் ஒரு முனையில் அச்சிலும் மறுமுனையில் சட்டத்திலும் மாட்டியிருக்கும். வண்டி உயர்ந்தால் அந்தக் கம்பி இன்னும் சாய்ந்து அச்சை ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் இழுக்கும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் மட்கார்டைத் தாண்டித் துருத்தும், மற்றது உள்ளே அடங்கியிருக்கும். நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் ராட் போட்டால் தீர்ந்தது. ஜிம்னி மாதிரி முன்பக்கமும் திட அச்சு உள்ள வண்டி என்றால் அதைவிட முக்கியமானது கேஸ்டர், அதாவது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம். தூக்கும்போது முன் அச்சு தன் தண்டைச் சுற்றி லேசாகத் திரும்பிவிடும், ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் குணம் குறையும், 80-இல் போகும்போது வண்டி இங்கும் அங்கும் அலையும். தாரிலும் கேஸ்டர், கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), டோ (சக்கரங்கள் முன்னே குவியும் அளவு) மூன்றுமே மாறும். லிஃப்ட் முடிந்த அன்றே அலைன்மென்ட் பார்க்கவில்லை என்றால் சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் உள் விளிம்பு ரம்பம் மாதிரி தேய்ந்துவிடும். அலைன்மென்ட் மெஷினில் கேம்பர் சிவப்பிலேயே நின்று, போல்ட்டில் திருப்ப இடமே இல்லை என்று சொன்னால், வண்டியை அதன் ஆர்ம்கள் தாங்கும் அளவுக்கு மேல் தூக்கிவிட்டார்கள் என்று பொருள். உயரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மேல் ஆர்மையே மாற்ற வேண்டும்.

இனி டயர் கேட்கும் விலை. விட்டம் 789-இலிருந்து 831 ஆனால் 5.3 சதவீதம் கூடுகிறது. என்ஜினின் 300 நியூட்டன் மீட்டர் இழுவை சக்கரத்தின் நுனிக்குப் போய்ச் சேரும்போது அதே அளவு குறையும், பிரேக் பிடிக்கவும் அதே அளவு கூடுதல் அழுத்தம் வேண்டும். தாரின் டீசல் என்ஜின் முழு இழுவையைத் தருவது 1600 ஆர்.பி.எம்.முக்கு மேல்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இப்போது இரண்டாவது கியரில் முனகாமல் ஏறும் வளைவில் இனி முதல் கியருக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச்சை அரை மிதியில் வைத்துத் தேய்ப்பீர்கள். பெரிய டயர் கனமாகவும் இருக்கும், அதுவும் சுற்றுகிற, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற கனம். நகர ஓட்டத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் அதைச் சுழற்றி எழுப்ப வேண்டும்.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். அது காட்டும் 80, முன்பு எதுவாக இருந்ததோ அதைவிட 5.3 சதவீதம் கூடுதல் வேகம். உண்மை வேகத்தைவிட மீட்டர் குறைத்துக் காட்டக் கூடாது என்பதற்காகக் கம்பெனி சற்றுக் கூட்டியே காட்டும்படி வைத்திருக்கும், அந்த இடைவெளியை டயர் தின்றுவிடும். கிலோமீட்டர் கணக்கும் அப்படித்தான். மீட்டர் 10,000 காட்டும்போது வண்டி 10,500-க்கு மேல் ஓடியிருக்கும். மைலேஜ் பயங்கரமாக விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இந்த ஐந்து சதவீதத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இழப்பு கொஞ்சம் குறைந்து தெரியும். சர்வீஸ் இடைவெளியையும் அதற்கேற்ப முன்னே இழுக்க வேண்டும்.

சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை, இது உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி கவிழாமல் நிற்கும் தன்மையை ஒரு எளிய பின்னத்தால் பார்க்கலாம்: இடது வலது சக்கர இடைவெளியில் பாதி, அதைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். தாரின் சக்கர இடைவெளி 1520 மி.மீ., பாதி 760. மையத்தின் உயரம் 700 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் பின்னம் 1.09. இரண்டு இன்ச் லிஃப்ட்டும் பெரிய டயரும் சேர்ந்து மையத்தை 65 மி.மீ. ஏற்றினால் 0.99. சிறிய வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வந்து ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்கும்போதும், தோட்டப் பாதையில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நிற்கும்போதும் நம்மைக் காப்பது இந்த எண்தான். வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி என்ற எலெக்ட்ரானிக் அமைப்பு கம்பெனி உயரத்துக்கும் கம்பெனி டயருக்கும் பழக்கப்படுத்தப்பட்டது. நீங்கள் மாற்றியது அதற்குத் தெரியாது.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர்தான் சோதனையில் முதலில் கண்ணில் படும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காமல் மாற்றினால், விபத்து நேரத்தில் அதுவே க்ளெய்மை மறுக்கக் காரணமாகலாம். வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை வழியாகக் கேரளாவுக்குள் இறங்கும் பழக்கம் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

இப்போது உங்கள் ஓட்டத்துக்கு என் பரிந்துரை. ‘33’ வேண்டாம். 17 இன்ச் ரிம்முக்கு மாறத் தயார் என்றால் 265/70 ஆர்17, ஆல் டெரெய்ன் (ரோடு, மண் இரண்டுக்கும் ஆன) வகை. விட்டம் 803 மி.மீ., இப்போதையதைவிட 14 மி.மீ. மட்டும் அதிகம். அச்சுக்கு அடியில் கூடுவது 7 மி.மீ.தான். ஆனால் பக்கச் சுவர் 166-இலிருந்து 185-க்கு மேல் போகிறது, அங்கேதான் உண்மையான லாபம். பக்கச் சுவர் உயரமாக இருந்தால் காற்றை இறக்கும்போது டயர் நன்றாகப் படரும், கல்லை அணைத்துப் பிடிக்கும், ரிம் அடிபடாது. கியரும் பிரேக்கும் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகவே பாதிக்கப்படும். சேற்றுக்கென்றே வரும் மட் டெரெய்ன் வாங்காதீர்கள். சேற்றில் அது ராஜா, ஆனால் வால்பாறை மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது அந்தப் பெரிய கட்டைகளுக்கு நடுவே ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. உங்கள் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை. டயர் தாங்கும் பாரத்தைச் சொல்லும் லோட் இண்டெக்ஸும் வேகக் குறியீடும் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. ரிம்மின் ஆஃப்செட்டை, அதாவது ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரும் அளவை, கம்பெனி அளவுக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், அகலமாகத் தெரிய வேண்டும் என்று வெளியே தள்ளினால் ஸ்டீயரிங் ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டமாகச் சுழன்று பம்பரில் உரசும், பேரிங்குக்கும் பாரம் கூடும்.

ஐந்தாவது டயரையும் சேர்த்தே வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய அளவில் இருந்து, பஞ்சரான சமயத்தில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயன்று, இரண்டுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கனம் கூடினால் கீல் தொய்கிறதா என்று அவ்வப்போது கதவைத் தூக்கிப் பார்க்கவும்.

நல்ல கம்ப்ரெஸரும் காற்று அளக்கும் கேஜும் வாங்குங்கள். லிஃப்ட் கிட் விலையில் ஒரு சிறு பங்குதான். தோட்டப் பாதை தொடங்கும் இடத்தில் 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், தேரி மணலில் 15 வரை. அங்கே சிவப்பு மணல் மாவு மாதிரி, முழுக் காற்றோடு நுழைந்த சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அதே டயர் 15-இல் மிதந்து போகும். தேரியில் ஒரு பகுதி காப்புக்காடு, அதற்குள் வண்டியை இறக்காதீர்கள். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றாமல் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகவும் கூடாது.

இப்படி ஆறு மாதம் ஓட்டுங்கள். வயிறு எங்கே தட்டியது, எத்தனை தடவை என்று வண்டியின் அடியைக் காக்கும் ஸ்கிட் பிளேட் தகட்டில் விழுந்த கீறலே சொல்லும். உண்மையிலேயே தேவை என்று தெரிந்தால் ஒன்று முதல் ஒன்றரை இன்ச் வரை, ஜோடி ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டுத் தூக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். முன்பு சொன்ன ஜாக்கிப் பரிசோதனை, அன்றே அலைன்மென்ட், அன்று மாலையே சுவரில் அடித்து ஹெட்லைட்டைக் கீழே இறக்குவது, மூன்றும் கட்டாயம். எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணில் உங்கள் வெளிச்சம் அடிக்கக் கூடாது.

கடைசி போல்ட்டை முடுக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆர்ம்களின் முனையில் இருக்கிற ரப்பர் புஷ், உலோகக் குழாயோடு ஒட்டவைக்கப்பட்டது. வண்டியைக் கடையின் தூக்கும் மேடையில் ஏற்றியிருக்கும்போது, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கையில் அந்த போல்ட்டை முழுக்க முடுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சில மாதங்களில் கிழியும். தொங்கும்போது கையால் பிடிக்கும் அளவுக்குத்தான் முடுக்க வேண்டும். தரையில் இறக்கி, வண்டியை நாலு தடவை அழுத்தி ஆட்டிவிட்டு, முழு எடையும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு டார்க் ரென்ச் போட்டு முடிக்கச் சொல்லுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் அதே ரென்ச்சோடு ஒருமுறை எல்லா போல்ட்டையும், வீல் நட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள்.